முற்றம் கடக்கும் ரத்தம்

பிரசவக் கட்டடத்துக்கும் என் ஆய்வகத்துக்கும் நடுவே
தொண்ணூற்றிரண்டு தப்படி.
உலியாஸ்தாயில் ஜனவரி என்றால்
அதற்குள் ரத்தம் உறைந்துவிடும்.
குழாயை உள்சட்டைக்குள் விட்டு
அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வருவாள் உயாங்கா.
கதவு திறந்ததும் முதலில் வெண்புகை,
பிறகு அவள் இருமல்,
அதன்பிறகுதான் ஊதா மூடி போட்ட குழாய்,
அவள் உடம்பின் சூட்டோடு.
யாருடைய சூடு அது என்று எழுத
எந்தப் படிவத்திலும் இடமில்லை.

முதல் ரத்தம் செவ்வாய் இரவு.
தெல்கெர்மா, இருபத்தாறு வயது, தலைப்பிரசவம்,
பனிக்குடம் உடைந்து பத்தொன்பது மணி நேரம்.
வெள்ளணு பத்தொன்பதாயிரம்.
மணிக்கு ஆயிரம் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது.
அது கணக்கே இல்லை.
வேறு எவருக்கு இந்த எண் வந்திருந்தாலும்
தொலைபேசியை எடுத்திருப்பேன்.
வலியில் கிடப்பவளுக்கு இது வழக்கம்.
இடுப்பு நோக நோக வெள்ளணு பெருகும்,
மேடேறுகிறவனுக்கு மூச்சு பெருகுவதுபோல.
கூட்டம் கூடியிருக்கிறது என்று சொல்லும் எண்
சண்டைக்கா திருவிழாவுக்கா என்று சொல்லாது.
'பிரசவ வலிக்கு ஏற்ற அளவு' என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
பொய் இல்லை.
போதவும் இல்லை.

விடியலில் ஆண் குழந்தை.
எனக்கு அதை யாரும் சொல்லவில்லை,
ஆய்வகத்துக்கு நல்ல சேதி வருவதில்லை.

மூன்றாம் நாள் குளிர்கிறது என்றாளாம்.
இங்கே யாருக்குத்தான் குளிரவில்லை?
சன்னல் இடுக்கில் பஞ்சடைத்தார்கள்,
இன்னொரு கம்பளி,
ஆட்டெலும்புச் சாறு, உப்புப் போட்ட பால் தேநீர்.
மைனஸ் முப்பத்தெட்டில்
நடுக்கத்தை யார் நோய் என்பார்கள்?
உயாங்காதான் போர்வையைத் தூக்கி
மோந்து பார்த்திருக்கிறாள்.
எப்படிப்பட்ட வாடை என்று என்னிடம் சொல்லவில்லை.
குழாயை நீட்டினாள்,
இந்தமுறை இருமவில்லை.

எந்திரம் மூவாயிரத்து இருநூறு என்றது.
"குறைந்துவிட்டதே, நல்லதுதானே?"
தொலைபேசியில் இளம் மருத்துவர் தவாசம்பு,
முப்பது மணி நேரமாய்த் தூங்காத குரல்.
நல்லதாக இருக்கலாம் என்றேன்.
வைத்த பிறகு
எந்திரத்தின்மேல் சந்தேகம் வரவில்லை,
என் முத்திரையின்மேல்தான் வந்தது.

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இழுத்து,
காயவைத்து, சாயம் ஊற்றி,
லென்சுக்கு மேல் குனிந்தேன்.
இருந்த கொஞ்சமும் பிஞ்சுகள்.
உட்கரு இன்னும் பிரியாதவை,
மீசை முளைக்குமுன் களத்துக்கு அனுப்பப்பட்டவை,
வயிறு நிறையக் கருமணல்.
முதிர்ந்தவை எல்லாம்
கருப்பைச் சுவரோரம் எங்கோ விழுந்து கிடந்தன.

ஊரில் ஆள் குறைந்தால்
அமைதி என்று எழுதிவிட முடியாது.

மறுபடி அழைத்தேன்.
மணி அடித்து ஓய்ந்தது.
கோட்டு ஆணியில் தொங்கியது, நான் முற்றத்தில் இருந்தேன்.
தொண்ணூற்றிரண்டு தப்படியை
ரத்தம் வரும் வழிக்கு எதிராக ஓடியது
பதினோரு வருஷத்தில் அதுதான் முதல்முறை.
மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது.
அக்குளில் ஒன்றுமில்லை,
வாயில் ஒரே வாக்கியம், அதையும்
வாசலுக்குப் போனதும் திக்கித்தான் சொன்னேன்.

கிருமியின் பெயர் தெரிய இரண்டு நாள் ஆகும்.
மருந்து அதுவரை காத்திருக்கவில்லை.
ஆறாம் நாள் தெல்கெர்மா சோறு கேட்டாள்,
கோபமாக,
அத்தனை பேரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்பதுபோல.

குழந்தைக்கும் ரத்தம் எடுத்திருந்தோம்.
குழாயில் ஒட்டப் பெயர் கேட்டபோது
தகப்பன் தொப்பியைச் சுருட்டிக்கொண்டே
எனேபிஷ் என்றான்.
'இது இல்லை' என்று பொருள்.
பிள்ளையைத் தேடி வரும் கெட்டது எதுவோ
பெயரைக் கேட்டு
வேறு கதவுக்குப் போகட்டும் என்று
எங்கள் ஆட்கள் வைப்பது.
எனக்குப் பழகிய சொல்தான்.
நாள் முழுக்கக் குனிந்து நான் சொல்வதும் அதுவே:
இது இல்லை, இது இல்லை.

ஐந்து நாள் வைத்தும்
அவன் ரத்தத்தில் ஒன்றும் முளைக்கவில்லை.
'இல்லை' என்று எழுதினேன்.
முத்திரையை எடுத்தேன்,
கீழே வைத்தேன்.
கோட்டை மாட்டிக்கொண்டு
முற்றத்தைக் கடந்து போய்
அவன் பால் குடிப்பதைப் பார்த்துவிட்டு
வந்து குத்தினேன்.